முருங்கையா, சூசூவா, சேம்பா, முளைக்கீரையா: 12 அடி மண்ணுக்கு எது?

மொரீஷியஸ் தீவின் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மதில் எழுப்பியது போக மிஞ்சிய மண் 12 அடி நீளம், 4 அடி அகலம். குழாயடித் தண்ணீர் வழிந்து ஒரு மூலை எப்போதும் சொதசொதவென்று கிடக்கும். மறு மூலையில் மத்தியானம் வரை நல்ல வெயில். இந்தத் துண்டு நிலத்தில் என்ன கீரை வைப்பது என்று மூன்று வாரம் வீட்டில் பேச்சு ஓடியது. அத்தைக்கு முருங்கை. என் வீட்டுக்காரருக்குச் சேம்பு. பக்கத்து வீட்டு மதாம் மதிலுக்கு மேலே எட்டி, இங்கே சூசூ என்று சொல்கிற, முளைவிட்ட சௌசௌக்காய் ஒன்றை நீட்டிவிட்டுப் போனார். எனக்கு முளைக்கீரை. ஆளுக்கொரு நியாயம், எல்லாமே கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

மொரீஷியஸில் இது சின்ன விஷயம் இல்லை. சோறு, பருப்பு, ஒரு கீரை, கருவாட்டு ருகாய் (தக்காளித் தொக்கு மாதிரி), கொஞ்சம் சட்னி: நடுவாரத்தில் பல வீடுகளின் தட்டு இதுதான். கறி மாறும், மீன் மாறும், கீரை மட்டும் ஏதோ ஒரு பேரில் வந்துவிடும். அந்தப் பேர்தான் எனக்கு முதலில் குழப்பம். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரம், "ப்ரெட் ஒரு பாக்கே வாங்கிக்கொண்டு வா" என்றார் அத்தை. நானும் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தேன். அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. இங்கே ரொட்டிக்குப் பேர் திபேன். ப்ரெட் என்றால் கீரை, பாக்கே என்றால் கட்டு. போர்த்துக்கீசிய மாலுமிகள் விட்டுப்போன சொல். பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் அதையேதான் சொல்கிறார்கள்.

இதில் நமக்குச் சந்தோஷம் தருகிற சங்கதியும் உண்டு. இந்த ஊர்ப் பேச்சுமொழியான க்ரியோலில் முருங்கைக்கு முரும். பீர்க்கங்காய்க்குப் பிப்பங்காய். ரசத்துக்கு ரசோன். தமிழ் ஒரு வார்த்தை பேசத் தெரியாத சீனக் கடைக்காரரும் "முரும்" என்றுதான் கேட்பார். ஏழு கறி வைத்து வாழையிலையில் பரிமாறும் விருந்துக்கு இங்கே 'செத் காரி' என்று பேர். தமிழ்க் கல்யாணமோ, புரட்டாசியில் கோவிந்தன் பூசையோ, அது இல்லாமல் நடக்காது. அந்த இலையில் வாழைக்காய், பூசணி, பலாக்காய் எல்லாம் வரிசையாக உட்காரும். ஓரத்தில் ஒரு கீரை கட்டாயம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்தக் கீரை நல்லது என்று கேட்டால் எல்லோரும் கைபேசியை நீட்டுகிறார்கள். "முருங்கையில் ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி, பாலைவிட இத்தனை மடங்கு கால்சியம்" என்று ஒரு படம் பல வருடமாகச் சுற்றி வருகிறது. அதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பல மடங்கு என்று சொல்கிற கணக்குகளில் பாதி, காய்ந்த முருங்கைப் பொடியை, தண்ணீர் நிறைந்த பழத்தோடும் பாலோடும் எடைக்கு எடை நிறுத்திப் பார்ப்பவை. பச்சை முருங்கை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய வைத்தால் எல்லாம் நாலு மடங்கு செறிவாகத் தெரியும். ஆனால் பொடியை யாரும் 100 கிராம் தின்பதில்லை. ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பச்சை இலையை வைத்தே பார்த்தாலும் முருங்கை மட்டம் இல்லை. 100 கிராம் உருவிய இலையில் 9 கிராமுக்கு மேல் புரதம், சுமார் 185 மில்லிகிராம் கால்சியம், 4 மில்லிகிராம் இரும்பு, 50க்குச் சற்று மேலே வைட்டமின் சி. அதே எடை முளைக்கீரையில் புரதம் இரண்டரை கிராம்தான், இரும்பு 2.3 மில்லிகிராம், கால்சியம் மட்டும் 215. இதைப் பார்த்தால் முருங்கைக்கே மாலை போடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் அத்தை பக்கம் சாய்ந்தேன்.

அப்புறம் ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு கோப்பை நிறைய உருவிய முருங்கை இலை 21 கிராம் அளவுதான் வருகிறது. 100 கிராம் சேர வேண்டுமென்றால் ஐந்து கோப்பை உருவ வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து எத்தனை பேர் ஐந்து கோப்பை உருவுகிறோம்? வெந்த பிறகும் முருங்கை லேசாகத்தான் கிடக்கும். ஒரு கோப்பை வெந்த இலை சுமார் 42 கிராம். முளைக்கீரையோ வெந்தால் அப்படியே அமுங்கிவிடும். ஒரு கோப்பையில் 130 கிராம் போல் அடங்கும். அதனால் தட்டில் விழுகிற கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒரு கோப்பை வெந்த முருங்கையில் இரும்பு 1 மில்லிகிராம், கால்சியம் 63. ஒரு கோப்பை வெந்த முளைக்கீரையில் இரும்பு 3, கால்சியம் 276. 100 கிராம் பட்டியலில் தோற்றுப்போன கீரை கரண்டிக் கணக்கில் முன்னால் வந்து நிற்கிறது. இதை அத்தையிடம் சொன்னபோது, "அப்படியென்றால் இரண்டு கோப்பை முருங்கை தின்னு" என்றார். அதுவும் பதில்தான்.

ஆனால் முளைக்கீரைக்கு ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. அதில் ஆக்சலேட் அதிகம். ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. பாலக் கீரையில் செய்த ஆய்வுகளில் அதிலுள்ள கால்சியத்தில் 5 சதவீதம் அளவுதான் உடம்பில் சேர்கிறது. ஆக்சலேட் குறைந்த சீனக் கீரையான பொக் சோயில் பாதிக்கும் மேல் சேர்கிறது. முளைக்கீரையும் இந்த விஷயத்தில் பாலக்கின் உறவுக்காரர். ஆகவே 276 என்ற எண்ணை அப்படியே நம்பிக் கால்சியக் கணக்கை மூடிவிடக் கூடாது. எலும்புக்காகக் கீரை தேடுகிறவர் சந்தையில் 'தோம் பூஸ்' என்று விற்கிற, அடி வெளுத்த குட்டைச் சீனக் கீரையை வாங்குவது புத்திசாலித்தனம். வைட்டமின் ஏ, இரும்பு, நார்ச்சத்து என்று வந்தால் முளைக்கீரை போதும்.

இந்த முளைக்கீரைக்கு இங்கே 'ப்ரெட் மல்பார்' என்று பேர். இந்தியர்களுக்கு இந்தத் தீவுகளில் வைத்த பேர் மல்பார். நம்மோடு கப்பலில் வந்த கீரை என்று நினைத்திருக்கிறார்கள் போலும். உண்மையில் இந்தக் குடும்பத்துச் செடி உலகம் பூராவும் இருக்கிறது. ஜமைக்காவில் கலலூ என்றால் இதுதான். அதே கலலூ என்ற சொல் ட்ரினிடாடுக்குப் போனால் சேம்பிலைக்கு மாறிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் காட்டுக் கீரைகளை மொரோகோ என்றும் இம்ஃபினோ என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதிலும் இது இருக்கும். ஏழை வீட்டுக் கீரை என்று எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஏளனம், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உபயோகம்.

வளர்ப்பதில் முளைக்கீரையை மிஞ்ச ஆளில்லை. விதையை மணலோடு கலந்து தூவினால் 25, 30 நாளில் கட்டு கட்டலாம். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும். இடமும் கேட்காது, அடுக்குமாடியில் இருக்கிறவர்கூட ஜன்னலோரப் பெட்டியில் போடலாம். கெடுப்பது கனமழைதான். ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு நாள் அடைமழை பிடித்தால் நாற்று அழுகித் தரையோடு ஒட்டிவிடும். ஒரு தடவை என் பாத்தி முழுவதும் அப்படிப் போனது. மறுபடி தூவினேன், அவ்வளவுதான் நஷ்டம்.

இப்போது முருங்கை. எனக்கு அதன் மேல் கோபம் எதுவும் இல்லை. நண்டு புய்யோனில், அதாவது நண்டு ரசம் மாதிரி ஒரு தண்ணிக் குழம்பில், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கை இலை போட்டு இறக்கினால், அந்த வாசனைக்கு வேறு கீரை ஈடு கிடையாது. ஃபிலிப்பைன்ஸிலும் கோழிச் சாற்றில் இதே இலையை, மலுங்கை என்று கிட்டத்தட்ட நம் பேரையே சொல்லி, போடுகிறார்கள். ஆனால் மரம் என்று வரும்போது யோசிக்க வேண்டும். "முருங்கை பருத்தால் தூணாகுமா" என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. மரம் நுரை மாதிரி; காற்றுக்கு நிற்காது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். எங்கள் தெருவில் நான் பார்த்தது, மூன்றாவது வீட்டு முருங்கை நடுவில் முறிந்து அடுத்த வீட்டுத் தகரக் கூரையில் சாய்ந்து கிடந்தது. இரண்டு வீட்டுக்காரரும் இன்றுவரை சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

ஒடித்து ஒடித்து ஆள் உயரத்தில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். இரண்டாவது பாதியை விட்டுவிடுங்கள், முதல் பாதி சரிதான். ஒடித்தால் பக்கக் கிளை நிறைய வரும், இளம் இலை கிடைக்கும், கைக்கு எட்டும். கஷ்டம் என்னவென்றால், ஒடிக்க வேண்டிய நேரத்தில் யாருக்கும் மனசு வராது.

இன்னொன்று, ஊர். க்யூர்பீப்பில் இருக்கும் என் நாத்தனார் இரண்டு முறை முருங்கைப் போத்து நட்டுப் பார்த்தார். ஒன்று அழுகியது. மற்றொன்று பிழைத்தது, ஆனால் மூன்று வருடத்தில் என் இடுப்பைத் தாண்டவில்லை. நடு மேட்டுப் பகுதியில் குளிர், தூறல், ஈரம். முருங்கை வெயிலுக்குப் பிறந்தது. போர்ட் லூயி, ரிவியேர் நுவார் என்று கடலோரப் பக்கம் தகதகவென்று வளரும். இத்தனை சின்னத் தீவில் முக்கால் மணி நேரம் பேருந்தில் போனால் ஒரு செடி ராஜாவிலிருந்து நோயாளியாக மாறிவிடுகிறது. அதனால் யாராவது "மொரீஷியஸில் எந்தக் கீரை நல்லா வரும்?" என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, வீட்டில் குளிருக்குப் போர்வை எத்தனை என்பதைத்தான்.

மேட்டுப் பகுதிக்காரர்களுக்குச் சூசூ. நம் ஊர் சௌசௌ, பெங்களூர்க் கத்திரிக்காய் என்றும் சொல்வோமே, அது. நம் ஊரில் காயை மட்டும் கூட்டு வைத்துவிட்டுக் கொடியைத் தூக்கிப் போடுவார்கள். இங்கே கொழுந்துதான் முதல் மரியாதை. சுருள் சுருளாக நீளும் பற்றுக்கம்பி, இளந்தண்டு, இரண்டு இலை என்று கட்டாகக் கட்டிச் சந்தையில் வைத்திருப்பார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கொடி இது. ரீயூனியனில் சலாஸி மலைப்பக்கம் இதுவே ஊரின் அடையாளமாகிவிட்டது.

மதாம் கொடுத்த காயை இரண்டு நாள் அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். சூசூவில் விதையை எடுத்து நடுவது கிடையாது. காய்க்குள்ளே ஒரே ஒரு விதை, அது காயை விட்டு வெளியே வராமல் உள்ளேயே முளைத்து, மடிப்பு விழுந்த வாய் வழியாக நாக்கை நீட்டுவது போல் எட்டிப் பார்க்கும். காயைப் படுக்க வைத்துப் பாதி புதைத்தால் போதும். ஆனால் அது கேட்கிற இடம்! பந்தல் வேண்டும், பந்தல் போட்டால் பக்கத்து வீட்டு மாமரம் வரைக்கும் போகும். 12க்கு 4 அடியில் சூசூ வைத்தால் அதன் நிழலில் வேறொன்றும் வராது. கொழுந்தைச் சுத்தம் பண்ணுவதும் நிதானமான வேலை. பற்றுக்கம்பியை எறிந்துவிட்டுத் தண்டின் மேல் நாரை உரிக்க வேண்டும். உரிக்காமல் போட்டால் பல்லிடுக்கில் மாட்டும். வாய்க்கு வந்தால் மட்டும் பட்டுப் போல, லேசான இனிப்போடு இருக்கும். கீரை தொடாத பிள்ளைகளுக்கு முதல் கீரையாக இதைத்தான் கொடுப்பேன். என் பெரியவன் அப்படித்தான் கீரைக்குள் நுழைந்தான்.

சேம்புக்கு இங்கே சோன்ஜ். மடகாஸ்கர் மொழியிலிருந்து வந்த பேர். என் வீட்டுக்காரரின் வாதம் எளிமையானது: அந்தச் சொதசொத மூலையில் வேறு எதுவும் வராது, சேம்பு தானாக வரும். இதில் அவரை மறுக்க முடியவில்லை. ஒரு கிழங்கை நட்டால் போதும். வெட்ட வெட்ட வரும். புயலில் இலை கிழிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், பத்து நாளில் சுருட்டிய புது இலையை நீட்டும். பெலாலுக்குப் பிறகு சந்தையில் காய்கறி விலை ஏறி, கீரைக் கட்டு கண்ணில் படாமல் போன நாட்களில், தெருவில் முதலில் கீரை சமைத்த வீடு சேம்பு வைத்திருந்த வீடுதான். முறிந்த முருங்கையும் அடிமரத்திலிருந்து தளிர்த்துவிடும், ஆனால் பறிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சூசூ பந்தலோடு போனால் போனதுதான்.

சேம்பின் சிக்கல் தொண்டையில். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றால் நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கும். வந்த வருடம் நான் அவசரத்தில் பத்து நிமிடத்தில் இறக்கி எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைத்தேன். அத்தை செய்யும் முறை வேறு. தண்டின் தோலை மேலிருந்து கீழே உரித்துவிடுவார். இலையை அடுக்கிச் சுருட்டி நறுக்கி, பூண்டும் காய்ந்த மிளகாயும் வதக்கி, இலையைப் போட்டு, அது உருத்தெரியாமல் குழையும் வரை விடுவார். முக்கால் மணி நேரம்கூட ஆகும். நடுவில் புளிக்கரைசல். புளி அரிப்பை அடக்கும் என்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தானே. சமோவாத் தீவுக்காரர்கள் இதே இலையைத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொட்டலமாகக் கட்டி வேக வைக்கிறார்கள். எங்கே போனாலும் சேம்பிலைக்கு நிறைய நேரம் என்பது விதி. வாசலில் அழகுக்கு வைத்திருக்கிற சேம்பைப் பறித்து வந்துவிடாதீர்கள். அது சமையலுக்கு இல்லை. அப்புறம், ஈரம் வேறு, தேங்கல் வேறு. 2006 வாக்கில் சிக்குன்குனியா இந்தத் தீவுகளை முடக்கியதை மறந்துவிட்டுச் சேம்புக்காகக் குட்டை கட்டினால் கொசுவுக்குக் கட்டின மாதிரிதான்.

மணத்தக்காளியை இங்கே ப்ரெட் மார்த்தேன் என்கிறார்கள். கசப்பு பிடித்தவர்களுக்கு அமிர்தம், அத்தைக்கு உயிர். தனியாக நட வேண்டியதே இல்லை. பறவை போடும், அது முளைக்கும். பச்சைக் காயைச் சேர்க்காமல் இலையை மட்டும் வேக வைத்தால் சரி. க்ரெசோன் ஓடுகிற தண்ணீரில் வளர்கிற கீரை, வீட்டில் வைக்க வழியில்லை, வாங்கத்தான் வேண்டும். சுர்ரென்று காரம் இருக்கும், சாலட் போடச் சொல்லி நாக்கு இழுக்கும். ஆனால் மேலே மாடு மேயும் ஓடையில் வளர்ந்ததென்றால் ஈரல் புழு ஒட்டியிருக்கலாம். எங்கே வளர்ந்தது என்று தெரியாத க்ரெசோனை நான் பச்சையாகத் தொடுவதில்லை, புய்யோனில் போட்டுவிடுவேன்.

எதை வைப்பது என்பதில் பாதி, எப்படிச் சமைப்பீர்கள் என்பதில் இருக்கிறது. இங்கே இரண்டு பெரிய வழி. ஒன்று தூஃபே: எண்ணெயில் நசுக்கிய பூண்டும் மிளகாயும் போட்டு, அலசிய ஈரத்தோடு கீரையைத் தள்ளி, மூடி, தன் தண்ணீரிலேயே வேகவிட்டுச் சுண்ட வைப்பது. நம் பொரியலிலிருந்து கடுகையும் தேங்காயையும் எடுத்த மாதிரி. மற்றது புய்யோன்: வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு தக்காளி, நிறையத் தண்ணீர், கடைசி ஐந்து நிமிடம் கீரை. தூஃபேயில் எண்ணெய் இருப்பதால், வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். எண்ணெயே இல்லாமல் அவித்தால் அந்தப் பச்சையின் பாதிப் பயன் வீண். புய்யோனில் தண்ணீரில் கரைகிற சத்து எல்லாம் கிண்ணத்திலேயே இருக்கும், குடித்துவிடுகிறோம். ஆக்சலேட்டும் கிண்ணத்திலேயே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் முளைக்கீரையையும் சேம்பையும் நான் புய்யோன் வைப்பதில்லை. முருங்கை, சூசூ, தோம் பூஸ் மூன்றும் புய்யோனுக்குப் பிறந்தவை.

சாப்பிட்ட கையோடு வனிலாத் தேநீர் ஊற்றும் பழக்கம் இந்த நாட்டில் நிறைய வீடுகளில் உண்டு. எனக்கும் உண்டு. தேநீரின் துவர்ப்புப் பொருள் கீரையின் இரும்பைச் சேர விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், கீரை மேல் அரை எலுமிச்சை பிழிவதும், முருங்கையா முளைக்கீரையா என்ற சண்டையைவிட இரும்புக்கு அதிகம் உதவும். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்பதில்லை. தேநீர் விஷயத்தில் எனக்கே சொல்பேச்சு கேட்காது.

நோய் உள்ள வீட்டில் கணக்கு இன்னும் மாறும். மொரீஷியஸில் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். எங்கள் வீட்டில் அத்தைக்கு. சர்க்கரைக்கு இந்தக் கீரைகளில் எதுவும் தோஷமில்லை. சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவதுதான் பலன், கீரையின் பேர் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் காய், பழம் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் என்கிறது. வெந்த முளைக்கீரை ஒரு கோப்பை என்றால் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது. ஆனால் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் தளர்ந்து, மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னால் நிலைமை வேறு. முளைக்கீரையிலும் சேம்பிலையிலும் 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம். முருங்கையில் அதில் பாதிதான், தட்டில் விழுகிற அளவும் குறைவு. அந்த வீட்டுக்கு முருங்கையே நல்லது. மற்றதைச் சமைத்தாலும் நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்துக் கொட்ட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இன்னொரு கவனம்: முளைக்கீரையில் வைட்டமின் கே மிக அதிகம், ஒரு வாரம் தினம் தின்றுவிட்டு அடுத்த வாரம் விடுவது மாத்திரையின் அளவைக் குழப்பிவிடும். ஒரே சீராகச் சாப்பிடுவது, மருத்துவரிடம் சொல்லிவிடுவது, இரண்டும் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், கடற்கரைப் பக்கம் தனி வீடு, சுவரை விட்டுப் பத்தடி தள்ளி இடம், வருடத்துக்கு இரண்டு தடவை அரிவாள் எடுக்கத் துணிச்சல் இருந்தால் முருங்கை. க்யூர்பீப், வாக்கோவா போன்ற மேட்டு ஊர் என்றால் யோசிக்காமல் சூசூ. ஈர மூலை இருந்தால் சேம்பை வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஒரே இடம், ஒரே ஆள், அலுவலகம் போய் வருகிற வீடு என்றால் முளைக்கீரை. கிள்ளி, அலசி, அடுப்பிலேற்றிப் பதினைந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடுகிற கீரை அது ஒன்றுதான். பத்துச் சத்து உள்ள கீரையை மாதம் ஒரு முறை உருவுவதைவிட, ஆறு சத்து உள்ளதை வாரம் நாலு நாள் கிள்ளுகிற வீட்டில்தான் நான் சாப்பிடப் போவேன்.

எங்கள் 12 அடியில் கடைசியில் நடந்தது இது. ஒன்பது அடிக்கு முளைக்கீரை, பச்சையும் சிவப்புமாக, வாரம் விட்டு வாரம் தூவுகிற மாதிரி மூன்று பாத்தி. குழாயடி மூலையில் சேம்பு, இரண்டு கிழங்கு. மதாம் கொடுத்த சூசூ பேருந்தில் என் மடியில் உட்கார்ந்து க்யூர்பீப்புக்குப் போய் நாத்தனார் வீட்டுக் கம்பி வேலியில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது கட்டுக் கட்டாகக் கொழுந்து வருகிறது, மதாமுக்கும் ஒரு கட்டு போகிறது. முருங்கை வேண்டாம், மதில் பக்கத்தில் ஆபத்து என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை.

போன மாதம் துணி காயப்போடப் போனபோது, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே, பழைய பெயின்ட் டின் ஒன்றில் மண் நிரப்பி ஒரு கை நீளப் போத்து ஊன்றியிருந்தது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். இப்போது உச்சியில் எட்டுத் தளிர் விட்டிருக்கிறது. இன்னும் பறிக்கக் கூடாதாம்.